கர்ப்பிணியின் இருதயம்: செவிலிய மாணவியருக்கு ஒரு பாடம்



இருதயமும் இரத்தக் குழாய்களும் என்ற பாடத்தை வகுப்பில் படித்திருப்பீர்கள். படம் வரைந்து, ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் நீலமும் தீட்டி, பாகங்களைக் குறித்து, மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். ஆனால் களப்பயிற்சிக்காகக் குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், மாங்காடு என்று வீடு வீடாகப் போகும்போது அந்தப் படம் யார் உடம்பிலும் வெளியே தெரிவதில்லை. உங்கள் காதில் விழுவது வேறு. "சிஸ்டர், மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது" என்பார் ஆறு மாதக் கர்ப்பிணி ஒருவர். பக்கத்திலேயே மாமியார், "வயிறு மேல முட்டுது, அதான். எங்க காலத்துல இதையெல்லாம் யாரு பெரிசா எடுத்துக்கிட்டா?" என்பார்.

மாமியார் சொல்வது பெரும்பாலும் சரிதான். கர்ப்பத்தில் கொஞ்சம் மூச்சு வாங்குவது இயல்பு. ஆனால் எப்போதோ ஒருவருக்கு அது இயல்பு அல்ல. இருதயம் தாங்க முடியாமல் கேட்கும் உதவி அது. அந்த ஒருவரைப் பிரித்தறிவது எப்படி என்பதே இந்தப் பாடம்.

இது அபூர்வமாக வரும் விஷயம், பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் 2016 ஜூலை முதல் 2019 டிசம்பர் வரை, இருதய நோயுள்ள பெண்களின் 1,029 கர்ப்பங்களைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். அதன் முடிவு 2023இல் வெளிவந்தது. அவற்றில் 100க்கு 60க்கு மேற்பட்டவற்றில், தாய்க்கு இருதய நோய் இருப்பதே அந்தக் கர்ப்பத்தின்போதுதான் முதன்முதலாகத் தெரிய வந்தது. 20 தாய்மார்கள் இறந்துபோனார்கள்.

இதன் பொருளைச் சற்று யோசியுங்கள். நோய் முன்பே இருந்தது. பெண்ணுக்குத் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது. கர்ப்பம் வந்ததும், முதலில் கை பிடித்து நாடி பார்ப்பவர் நீங்கள்தான்.

1. இருதயம்: ஒன்றாய்ச் சேர்ந்த இரண்டு பம்புகள்

இருதயம் அவரவர் மூடிய கையளவு இருக்கும். எடை சுமார் 300 கிராம். பெண்களுக்குச் சற்றுக் குறைவு. நெஞ்சின் நடுவே, சற்று இடப்புறம் சாய்ந்து இருக்கிறது. அதில் நான்கு அறைகள்: மேலே இரண்டு, கீழே இரண்டு. மேலறைகள் இரத்தத்தை வாங்குகின்றன. கீழறைகள் வெளியே தள்ளுகின்றன.

வலப்பக்கப் பம்பு, உடம்பைச் சுற்றி வந்த, கரியமில வாயு மிகுந்த இரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்பக்கப் பம்பு, நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு வந்த இரத்தத்தை வாங்கி உடம்பு முழுவதற்கும் அனுப்புகிறது. நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது. உச்சந்தலையும் உள்ளங்காலும் தொலைவில் இருக்கின்றன. அதனால்தான் இடது கீழறையின் சுவர் வலதைவிடப் பல மடங்கு தடிமன்.

அறைகளுக்கு நடுவிலும் வெளிவாசல்களிலும் நான்கு வால்வுகள் உள்ளன. வால்வு என்பது ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு. போன இரத்தம் திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் 'லப்-டப்' ஓசை இந்தக் கதவுகள் மூடும் ஓசைதான். இவற்றில் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே இருப்பது மைட்ரல் வால்வு. இந்தப் பெயரை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஓய்வாக இருக்கும்போது இருதயம் நிமிடத்துக்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லி இரத்தம் வெளியேறுகிறது. பெருக்கிப் பாருங்கள்: நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர். உடம்பில் உள்ள மொத்த இரத்தமே அவ்வளவுதான். அதாவது, உடம்பின் இரத்தம் முழுவதும் ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று முடித்துவிடுகிறது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்புகள்.

இருதயம் ஓய்வே எடுப்பதில்லை என்று பேச்சில் சொல்வோம். உண்மையில் எடுக்கிறது. ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம் சுமார் 0.8 விநாடி. அதில் சுருங்கித் தள்ளுவது 0.3 விநாடி, தளர்ந்து நிரம்புவது 0.5 விநாடி. நிரம்பும் அந்த அரை விநாடிதான் அதன் ஓய்வு. மைட்ரல் வால்வு திறந்திருப்பதும் அந்த நேரத்தில்தான்.

2. இரத்தம் போகும் பாதை

இருதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டு போகிற குழாய் தமனி. அழுத்தத்தைத் தாங்கும் கெட்டியான சுவர் கொண்டது. தமனி கிளை கிளையாகப் பிரிந்து மெல்லிய தந்துகிகளாகிறது. இரத்தச் சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகும் அளவுக்குத் தந்துகி ஒடுக்கமானது. பிராணவாயுவும் சத்தும் திசுக்களுக்குக் கைமாறுவது இங்கேதான். பிறகு இரத்தம் சிரைகள் வழியாக இருதயத்துக்குத் திரும்புகிறது. சிரையின் சுவர் மெலிது. கால் சிரைகளில் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. கெண்டைக்கால் தசை இயங்கும்போது அது சிரையை அமுக்கி இரத்தத்தை மேலே ஏற்றுகிறது. நின்ற இடத்திலேயே நாள் முழுக்க நிற்பவருக்குக் கால் வீங்குவது இதனால்தான்.

இரத்தம் இப்படிச் சுற்றி வருகிறது என்பதை 1628இல் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் நூலாக எழுதி நிலைநாட்டினார். அதற்கு முன்பு, ஈரல் இரத்தத்தை உண்டாக்குகிறது, உடம்பு அதைத் தீர்த்துவிடுகிறது என்றே ஐரோப்பாவில் நம்பினார்கள்.

இதை நம் ஊரை வைத்தே புரிந்துகொள்ளலாம். குமணன்சாவடி சந்திப்பு உங்களுக்குத் தெரியும். போரூர், காட்டுப்பாக்கம் வழியாகப் பூந்தமல்லிக்குப் போகும் பெரிய சாலையும், மாங்காடு, குன்றத்தூர் பக்கம் போகும் சாலையும் கூடுமிடம். அந்தச் சந்திப்பில் வழி அடைபட்டால் எங்கே வண்டிகள் நிற்கும்? சந்திப்பைத் தாண்டி அல்ல. சந்திப்புக்குப் பின்னால், காட்டுப்பாக்கம் வரை வரிசை கட்டி நிற்கும். முன்னால் உள்ள சாலை காலியாகக் கிடக்கும்.

இருதயத்திலும் இதே கணக்குத்தான். மைட்ரல் வால்வு சுருங்கினால், அதற்கு முன்னால் உள்ள உடம்புக்கு இரத்தம் குறைகிறது: களைப்பு, மயக்கம். அதற்குப் பின்னால் உள்ள நுரையீரலில் இரத்தம் தேங்குகிறது: மூச்சுத் திணறல், இருமல். கோளாறு இருதயத்தில், முறையிடுவது நுரையீரல். ஆகவே மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் சொன்னால், நெஞ்சுச் சளி என்று மட்டும் நினைக்காமல் இருதயத்தையும் நினைக்கப் பழகுங்கள்.

3. நாடியும் இரத்த அழுத்தமும் பார்க்கும் முறை

நம் நாட்டு வைத்தியத்தில் நாடி பார்ப்பது தொன்றுதொட்டு உள்ள பழக்கம். வாதம், பித்தம், கபம் என்று பார்ப்பது அவர்கள் முறை. நீங்கள் பார்ப்பது மூன்று விஷயங்கள்: எண்ணிக்கை, ஒழுங்கு, பலம்.

கட்டைவிரலால் பார்க்காதீர்கள்; உங்கள் நாடியையே எண்ணிவிடும் அபாயம் உண்டு. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் மணிக்கட்டின் பெருவிரல் பக்கம் மெதுவாக வையுங்கள். ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது அவசரத்துக்கு வந்த வழக்கம். அப்படிச் செய்தால் இடையிடையே தப்பும் துடிப்பு கைக்கு அகப்படாமல் போய்விடும். தாறுமாறான நாடி வால்வு நோயின் முக்கிய அடையாளங்களில் ஒன்று. கர்ப்பிணி அப்போதுதான் படி ஏறி வந்திருந்தால் ஐந்து நிமிடம் உட்காரவைத்த பிறகு எண்ணுங்கள்.

இரத்த அழுத்தம் என்பது தமனியின் சுவரை இரத்தம் அழுத்தும் விசை. இருதயம் சுருங்கும்போது உள்ளது மேல் அளவு. தளரும்போது உள்ளது கீழ் அளவு. 120/80 என்பது வழக்கமான அளவு. கைப்பட்டையைக் கட்டி, ஸ்டெதாஸ்கோப்பில் ஓசை கேட்டு இரண்டு அளவுகளையும் அறியும் முறையை 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் எடுத்துரைத்தார். கருவிகள் இன்று மாறி வருகின்றன; பார்க்கும் ஒழுங்கு மாறவில்லை:

(அ) சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

(ஆ) கை இருதயத்தின் மட்டத்தில் ஏதாவது ஒன்றின்மேல் தாங்கியிருக்க வேண்டும். தொங்கவிடக் கூடாது.

(இ) புடவை, சட்டைக் கையின் மேல் பட்டையைக் கட்டக் கூடாது. பருமனான கைக்குப் பெரிய பட்டை வேண்டும். சின்னப் பட்டை அளவைக் கூட்டிக் காட்டும்.

(ஈ) பார்க்கும்போது அவரும் பேசக் கூடாது, நீங்களும் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

கர்ப்பத்தில் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம். சற்று நேரம் கழித்து மறுபடி பாருங்கள், சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று சோதியுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். 160/110ஐ எட்டினாலோ, கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. வலிப்பு வரக்கூடும்.

4. கர்ப்பத்தில் இருதயத்தின் வேலை எவ்வளவு கூடுகிறது?

வயிற்றில் கரு தங்கிய சில வாரங்களிலேயே இருதயம் வேலையைக் கூட்டத் தொடங்கிவிடுகிறது. இரத்தத்தின் மொத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை பெருகுகிறது. இருதயம் நிமிடத்துக்குத் தள்ளும் அளவு 30 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. அதாவது 5 லிட்டர் தள்ளிய இடத்தில் 7 லிட்டர் வரை தள்ள வேண்டும். நாடி நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை கூடும். இந்தச் சுமை சுமார் 28 முதல் 32 வாரங்களில் உச்சிக்கு வருகிறது. நிறைமாதத்தில் கருப்பைக்கு மட்டுமே நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் போகிறது. நல்ல இருதயம் இவ்வளவையும் தாங்கும்.

இரத்தத்தில் நீர்ப்பகுதி அதிகமாகவும், சிவப்பணுக்கள் அதைவிடக் குறைவாகவும் பெருகுவதால், ஹீமோகுளோபின் அளவு சற்று இறங்கும். ஆனால் 11 கிராமுக்குக் கீழே போனால் அது சோகை. 7 கிராமுக்குக் கீழே போனால் கடும் சோகை. சோகை உள்ள இரத்தம் குறைந்த பிராணவாயுவையே சுமக்கிறது. பாதி மூட்டை ஏற்றிய வண்டி இருமடங்கு தடவை போய்வர வேண்டியிருப்பதுபோல, இருதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டுகிறது. ஏற்கெனவே பழுதுள்ள இருதயத்துக்கு இது தாங்காது. இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிடாமல் விழுங்குகிறாரா என்று கேட்டறிவதும் இருதயத்தைக் காக்கும் வேலைதான்.

இன்னொன்று: மாதம் ஏறியபின் மல்லாந்து படுத்தால், கனத்த கருப்பை கீழ்ப் பெருஞ்சிரையை அமுக்கும். இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, தலை சுற்றும், வியர்க்கும். இடப்புறம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் தெளிந்துவிடும்.

5. வால்வு சுருங்குவது ஏன்?

சென்னை ஆய்வில் கண்ட இருதய நோய்களில் முதலிடம் பெற்றது ருமாட்டிக் இருதய நோய். 100க்கு 42. இது பிறவி நோய் அல்ல; சிறு வயதில் வந்த தொண்டை வலியின் பின்விளைவு.

5 முதல் 15 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டைப் புண் வரும். சரியாகச் சிகிச்சை செய்யாவிட்டால், சிலருக்குச் சில வாரங்களில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். இன்று முழங்கால், நாளை கணுக்கால், பிறகு முழங்கை என்று மூட்டுக்கு மூட்டு தாவும். கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பின் சக்தி, தன் சொந்த இருதய வால்வையே தாக்குவதால் வரும் கேடு இது. மூட்டு வலி ஆறிவிடும், வீட்டாரும் மறந்துவிடுவார்கள். வால்வில் விழுந்த தழும்பு மட்டும் ஆறாமல், வருடக்கணக்கில் இறுகிச் சுருங்கிக்கொண்டே வரும். நெருக்கமான குடியிருப்பும் வறுமையும் உள்ள இடங்களில் இந்த நோய் அதிகம்.

நல்ல மைட்ரல் வால்வின் திறப்பு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர். அது 1.5க்குக் கீழே வந்துவிட்டால் கடுமையான சுருக்கம். அப்படியும் வீட்டு வேலை செய்துகொண்டு, பெரிய தொந்தரவில்லாமல் ஒரு பெண் வாழ்ந்துவிடலாம். கல்யாணமாகி, கர்ப்பமானதும் நிலைமை மாறுகிறது.

குமணன்சாவடி சந்திப்பை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். வழி ஏற்கெனவே பாதி அடைபட்டிருக்கிறது. இப்போது வண்டிகளின் எண்ணிக்கை ஒன்றரை மடங்காகிறது: அது கர்ப்பத்தில் பெருகும் இரத்தம். அதோடு பச்சை விளக்கு எரியும் நேரமும் பாதியாகிறது: அது வேகமான நாடி. நாடி 70இலிருந்து 120க்கு ஏறினால், இருதயம் தளர்ந்து நிரம்பும் நேரம், அதாவது மைட்ரல் கதவு திறந்திருக்கும் நேரம், சுமார் பாதியாகிவிடும். சின்னக் கதவு, கூடுதல் இரத்தம், குறைந்த நேரம். மிச்சமெல்லாம் நுரையீரலில் தேங்கும், நீர் கோக்கும், தாய்க்குத் தண்ணீரில் மூழ்குவதுபோல மூச்சு முட்டும்.

நாடியை எண்ணச் சொல்லி உங்களை நச்சரிப்பது ஏன் என்று இப்போது விளங்கும். வேகமான நாடி நோயின் அடையாளம் மட்டுமல்ல. நோயை முற்றவைக்கும் காரணமும் அதுதான். காய்ச்சல், சோகை, வலி, பயம் எல்லாமே நாடியை ஏற்றும். வால்வு நோயுள்ள கர்ப்பிணிக்குச் சாதாரணக் காய்ச்சல்கூட அவசரம்தான்.

இந்தியாவின் முதல் பெண் இருதய மருத்துவர் என்று போற்றப்படும் டாக்டர் எஸ். பத்மாவதி (1917–2020) இந்த ருமாட்டிக் நோயைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்தவர். இந்த நோயைத் தொடக்கத்திலேயே தடுக்க முடியும். தொண்டைப் புண்ணுக்குச் சரியான சிகிச்சை செய்தால் போதும். ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு, மறுபடி வராமல் தடுக்க 21 நாளுக்கு ஒருமுறை 12 லட்சம் யூனிட் பென்சாதைன் பென்சிலின் ஊசி போடப்படுகிறது. "முழுகாம இருக்கேன், ஊசி வேணாம்" என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். கர்ப்பத்திலும் இந்த ஊசியைத் தொடரலாம், தொடர வேண்டும்.

6. எது இயல்பு? எது ஆபத்து?

இயல்பானவை: வேகமாக நடந்தாலோ படி ஏறினாலோ கொஞ்சம் மூச்சு வாங்கி, உட்கார்ந்ததும் அடங்குவது, மாலையில் கணுக்கால் லேசாக வீங்கி, காலையில் வடிவது, நாடி 80, 90 என்று இருப்பது.

ஆபத்தானவை:

(1) நேராகப் படுக்க முடியாமை. "ரெண்டு மூணு தலகாணி வெச்சாத்தான் தூக்கம் வருது" என்றால் அது இருதயத்தின் குரல்.

(2) நடு இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது.

(3) குளிப்பது, தலை வாருவது போன்ற சிறு வேலைக்கே மூச்சு வாங்குவது.

(4) விடாத இருமல். சளியில் இரத்தம் அல்லது இளஞ்சிவப்பு நுரை.

(5) நெஞ்சு வலி, படபடப்பு, நடக்கும்போது மயங்கி விழுவது.

(6) ஓய்வில் நாடி 110க்கு மேல், அல்லது தாறுமாறான நாடி.

(7) மூச்சு எண்ணிக்கை நிமிடத்துக்கு 24க்கு மேல். விரல்நுனிக் கருவியில் பிராணவாயு அளவு 95க்குக் கீழே.

(8) உதடு, நகம் நீலம் பாய்வது. முகமும் உடம்பும் வீங்குவது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். நாடி 120ஐ எட்டினாலோ, மூச்சு 30ஐ எட்டினாலோ, உட்கார்ந்தபடியே திணறினாலோ 108 ஆம்புலன்சை அழையுங்கள். அது வரும்வரை நிமிர்ந்து சாய்ந்த நிலையில் உட்காரவையுங்கள். மல்லாத்திப் படுக்கவைக்காதீர்கள். பிராணவாயு இருந்தால் கொடுங்கள். களைப்பாக இருக்கிறாரே என்று குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே தேங்கி நிற்கும் இரத்தத்தோடு அதுவும் சேரும்.

7. முதல் பதிவின்போதே கேட்க வேண்டியவை

கர்ப்பத்தைப் பதிவு செய்யும் அன்றே கேளுங்கள். "உங்களுக்கு இருதய நோய் உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும், அவருக்கே தெரியாது அல்லவா? கேட்கும் விதத்தை மாற்றுங்கள்:

"சின்ன வயசுல காய்ச்சலோட மூட்டு வீங்கி ஸ்கூலுக்குப் போகாம இருந்தீங்களாம்மா?"

"மாசாமாசம் ஊசி போட்டுக்கிட்டு இருந்து நிறுத்தினதுண்டா?"

"நெஞ்சுல சத்தம் கேக்குதுன்னு எந்த டாக்டராவது சொன்னாங்களா? எக்கோ எடுக்கச் சொல்லி எடுக்காம விட்டது உண்டா?"

"போன பிரசவத்துல மூச்சுத் திணறல் வந்ததா?"

"வீட்டுல யாராவது சின்ன வயசுலயே திடீர்னு இறந்திருக்காங்களா?"

இந்தக் கேள்விகளை முடிந்தவரை தனியாகக் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன்பே வால்வு நோய் என்று தெரிந்தும், "சொன்னா மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாங்களோ" என்று மறைத்து வாழ்பவர்கள் உண்டு. புகுந்த வீட்டார் சூழ நிற்கும்போது அவர் வாய் திறக்க மாட்டார். நெஞ்சின் நடுவில் அறுவைத் தழும்பு இருந்தால் அதைக் கவனித்து, மரியாதையாக விசாரியுங்கள். கேட்டறிந்ததை அவர் சம்மதமின்றி வீட்டாரிடம் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

செயற்கை வால்வு பொருத்திய பெண்கள் தனிக் கவனம் வேண்டுபவர்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான நம் நாட்டு வால்வு 1990இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இத்தகைய வால்வு உள்ளவர்கள் இரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். நிறுத்தினால் வால்வில் இரத்தம் கட்டி உயிருக்கு ஆபத்து. சில மாத்திரைகள் கருவைப் பாதிக்கும். ஆகவே தானாக நிறுத்தவும் கூடாது, தானாகத் தொடரவும் கூடாது. நாள் தள்ளிப்போன உடனே இருதய மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் எக்கோ பரிசோதனை வழி காட்டும். அதில் கதிர்வீச்சு கிடையாது. குழந்தைக்குக் கெடுதல் இல்லை. வால்வு மிகவும் சுருங்கியிருந்தால், தேவைப்படும்போது கர்ப்பத்திலேயே கால் சிரை வழியாக பலூன் செலுத்தி அதை விரிக்க முடியும்.

8. பிரசவமும் அதற்குப் பிறகும்

இருதய நோய் என்றாலே ஆபரேஷன்தான் என்பது தவறான எண்ணம். பலருக்குச் சுகப்பிரசவமே நல்லது. ஆனால் அது இருதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பார்க்கும் ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டும். எங்கே, எப்போது சேருவது என்பதை வலி வந்தபிறகு யோசிக்கக் கூடாது. முன்கூட்டியே முடிவு செய்து அட்டையில் எழுதிவைக்க வேண்டும்.

பிரசவ வலியின் ஒவ்வொரு இறுக்கத்திலும் கருப்பையிலிருந்து 300 முதல் 500 மில்லி இரத்தம் பொது ஓட்டத்துக்குத் தள்ளப்படுகிறது. குழந்தை பிறந்ததும் கருப்பை சுருங்குகிறது. பெருஞ்சிரைமேல் இருந்த அழுத்தம் விடுபடுகிறது. இரத்தம் மொத்தமாக இருதயத்துக்குப் பாய்கிறது. குழந்தை அழுதது, வீட்டார் இனிப்புக் கொடுக்கப் போய்விட்டார்கள், எல்லாம் முடிந்தது என்று நாம் மூச்சுவிடும் நேரம் எதுவோ, அதுதான் தாயின் இருதயத்துக்கு மிகக் கடினமான நேரம். முதல் 24 மணி நேரம் கண்ணை எடுக்காமல் பாருங்கள்: நாடி, மூச்சு, அழுத்தம், இரத்தப்போக்கு, சிறுநீர் அளவு.

இரத்தப்போக்கைத் தடுக்க வழக்கமாகக் கையாளும் மெத்தர்ஜின் ஊசி, இருதய நோயோ உயர் அழுத்தமோ உள்ள தாய்க்குக் கூடாது. அது இரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடும். ஆக்சிடோசினை எவ்வளவு, எவ்வளவு மெதுவாகக் கொடுப்பது என்பதை மருத்துவர் சொல்வார்.

வீட்டுக்குப் போனபின்னும் கவனம் வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மாதம் தொடங்கிப் பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதம் வரை, முன்பு எந்த நோயும் இல்லாத பெண்ணுக்கும் இருதயத் தசை பலவீனமாகி மூச்சுத் திணறல் வரலாம். "கைக்குழந்தை, தூக்கமில்லை, அதான் களைப்பு" என்று ஒதுக்கிவிடாமல் பாருங்கள். படுக்க முடிகிறதா என்ற ஒரு கேள்வி போதும், பாதி தெரிந்துவிடும்.

9. அடுத்த குழந்தை எப்போது?

இருதய நோயுள்ள பெண்ணுக்குக் குடும்ப நலத் திட்டம் உயிர் காக்கும் சிகிச்சை. அடுத்த கர்ப்பம் தற்செயலாக வரக் கூடாது. இருதய மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகே வரவேண்டும்.

ஈஸ்ட்ரோஜென் கலந்த கருத்தடை மாத்திரை இரத்தம் உறையும் போக்கைக் கூட்டும். வால்வு நோய் முற்றியவர்களுக்கும், தாறுமாறான நாடி உள்ளவர்களுக்கும், செயற்கை வால்வு உள்ளவர்களுக்கும் அது ஏற்றதல்ல. காப்பர்-டி, பிற முறைகள் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். இனிக் குழந்தை வேண்டாம் என்ற தம்பதிக்கு, மனைவியை மறுபடி மயக்க மருந்துக்கு உட்படுத்துவதைவிட, கணவர் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்வது எளிது. தழும்பில்லா வாசக்டமி சில நிமிடங்களில் முடியும். அன்றே வீட்டுக்குப் போகலாம். அதன்பின் மூன்று மாதம் வரை, விந்தணு இல்லை என்று பரிசோதனையில் தெரியும் வரை, ஆணுறை பயன்படுத்த வேண்டும். ஆண்மைக்கோ உழைப்புக்கோ குறைவு வராது. "அவளுக்கு நெஞ்சு தாங்காது, நீங்கதான் ஒத்தாசை செய்யணும்" என்று கணவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். விளங்கச் சொன்னால் ஏற்றுக்கொள்ளும் ஆண்கள் இருக்கிறார்கள்.

10. படித்ததைச் சோதித்துக்கொள்ளுங்கள்

வினா: மைட்ரல் வால்வு சுருங்கினால் மூச்சு ஏன் வாங்குகிறது?
விடை: இரத்தம் வால்வுக்குப் பின்னால் நுரையீரலில் தேங்குவதால்.

வினா: நாடி வேகமானால் அந்த நோய் ஏன் முற்றுகிறது?
விடை: வால்வு திறந்திருக்கும் நேரம் குறைவதால்.

வினா: இருதயச் சுமை கர்ப்பத்தில் எப்போது உச்சத்துக்கு வருகிறது? மிக ஆபத்தான நேரம் எது?
விடை: 28 முதல் 32 வாரம். பிரசவ நேரமும் அதற்குப் பின் 24 மணி நேரமும்.

வினா: மூச்சுத் திணறும் கர்ப்பிணியை எந்த நிலையில் வைப்பீர்கள்?
விடை: நிமிர்ந்து சாய்ந்த நிலையில். மல்லாத்திப் படுக்கவைக்கக் கூடாது.

வினா: கர்ப்பிணி என்பதற்காகப் பென்சிலின் ஊசியை நிறுத்தலாமா?
விடை: கூடாது.

நாளை களப்பணிக்குப் போகும் முதல் வீட்டிலேயே தொடங்குங்கள். மூன்று விரல், ஒரு கடிகாரம், ஒரு முழு நிமிடம். "நேராப் படுத்துத் தூங்க முடியுதாம்மா?" என்று ஒரு கேள்வி. பதிலை அட்டையில் எழுதுங்கள். எழுதியதை மருத்துவரிடம் காட்டுங்கள்.